ஆயா கிட்ட ஒரே ஒரு தடவதான் கேக்கலாம்

போன இதழ்ல பேச்சுவாக்குல ‘கிராஃபிங் கால்குலேட்டர்லயே பாம்பு கேம் எழுதலாம்’னு ஒரு வரி விட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி அதான். நம்ம வேலூர் பக்கம் டிஐ 84-ங்கிற அந்த கிராஃபிங் கால்குலேட்டர் எல்லாம் கடைல தொங்குற பொருள் இல்ல, அமெரிக்கால இருக்குற மாமா பையன் படிச்சு முடிச்சிட்டு ‘இந்தா வச்சுக்கோ’ன்னு குடுத்தா உண்டு. அது இத்தன வீட்ல பீரோக்குள்ள தூங்குதுன்னு இப்பதான் எனக்கே தெரியுது. அதனால இந்த தடவ முழுக்க பட்டன் சமாச்சாரம்தான். மோட்டார் ஸ்டார்ட்டர் பத்தி கேட்ட பள்ளிகொண்டா அண்ணன் கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் மொத ஆளா உங்களுக்குதான்.

கேள்வி: அண்ணா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். மாமா குடுத்த டிஐ 84 பிளஸ்ல ஒரு ஸ்டார நாலு பக்கமும் நகத்துற மாதிரி புரோகிராம் எழுதினேன். திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள்ள (கெட்கீ-ன்னா எந்த பட்டன அமுக்கினோம்னு நம்பரா சொல்ற கட்டள) ‘இஃப் கெட்கீ=24’னு இடதுக்கு, ‘இஃப் கெட்கீ=26’னு வலதுக்கு, அப்படியே மேல 25, கீழ 34ன்னு நாலு வரி. கடைசில ஸ்டார வரையுற வரி. இடது பக்கம் சூப்பரா போகுது, வலது எப்பவாவது போகுது, மேல கீழ சுத்தமா போக மாட்டேங்குது. பட்டன் ரிப்பேரா? — காட்பாடி வாசகர்

பட்டன் நல்லாதான் கீது தம்பி, நீ கேக்குற விதம்தான் தப்பு. இந்த தப்ப பண்ணாம யாரும் இத கத்துக்கல, நானும் ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க இதுல உக்காந்தவன்தான்.

எங்க தெருவுல திண்ணைல ஒரு ஆயா உக்காந்திருக்கும். நீ வெளிய போயிட்டு வந்து ‘ஆயா, யாருனா வந்தாங்களா?’ன்னு கேட்டா ‘கீரக்காரன் வந்தான் நைனா’ன்னு சொல்லும். நல்லது. ஆனா அடுத்த நிமிஷமே இன்னொரு தடவ ‘யார் ஆயா வந்தது?’ன்னு கேட்டுப்பாரு, ‘யாரும் வர்லயே’ன்னும். பொய் சொல்லல, ஒரு தடவ சொன்னதோட அதுக்கு மறந்துபோச்சு. இன்னொன்னு, கீரக்காரனுக்கு அப்பறம் போஸ்ட்மேனும் வந்திருந்தா கடைசியா வந்த ஆள மட்டும்தான் சொல்லும், மொதல்ல வந்தவன் போயே போச்சு. கெட்கீ-ன்னா இந்த ஆயாதான்.

உள்ள நடக்குறது என்னன்னா, உன் புரோகிராம் அதுபாட்டுக்கு ஓடிகினு இருக்குறப்பவே மெஷின் நடுநடுவுல ஒரு செகண்டுக்கு பல தடவ அத நிறுத்திட்டு போய் கீபோர்ட ஒரு பார்வ பாத்துட்டு, எந்த பட்டன் அமுங்கி இருக்குன்னு மெமரில ஒரு இடத்துல குறிச்சு வைக்கும். ஒரே ஒரு இடம். க்யூ கிடையாது. கெட்கீ-ன்னு நீ சொன்னதும் அந்த நம்பர எடுத்து உன் கைல குடுத்துட்டு அந்த இடத்த அழிச்சிடும். ஒண்ணும் இல்லன்னா 0.

இப்ப உன் நாலு வரிய பாரு. நாலு வரிலயும் தனித்தனியா ஆயாவ எழுப்பி கேக்குற. நீ வலது பட்டன அமுக்குற, 26 வந்து உக்காருது, ஆனா அடுத்து ஓடுற வரி ‘இது 24ஆ?’ன்னு கேக்குற வரி. இல்லன்னு பதில் வருது, ஆனா அந்த கேள்விலயே 26 செலவாயிடுச்சு. அடுத்த வரில நீ உண்மையிலயே 26ஆன்னு கேக்குறப்ப அங்க வெறும் 0தான் இருக்கும்.

இடது மட்டும் ஏன் நல்லா போகுது? இதுதான் எனக்கு புடிச்ச இடம். ஸ்டார வரையுற வேலதான் லூப்புல அதிக நேரம் எடுக்கும், இஃப் வரிங்க அத விட சீக்கிரம் முடிஞ்சிடும், அதனால நீ அமுக்குறதுல பெரும்பாலானது அந்த வரையுற நேரத்துலதான் வந்து விழும். வரைஞ்சு முடிச்சு லூப் மேல போனதும் மொதல்ல கேக்குறது யாரு, இடது பக்க வரி. வர்றதெல்லாம் அதோட வாய்க்குதான் போகுது. நம்பிக்க இல்லன்னா மேல பக்கம் போற வரிய தூக்கி மொதல்ல போட்டுப் பாரு, இப்ப மேல சூப்பரா போகும், இடது படுத்துக்கும்.

வழி ரொம்ப சிம்பிள். ஒரே ஒரு தடவ கேளு, பதில ஒரு எழுத்துல போட்டு வச்சுக்கோ, அப்பறம் அந்த எழுத்த எத்தன தடவ வேணா பாத்துக்கோ. கீழ எழுதிருக்கேன், கட்டள எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கு, மெஷின் மெனுல அதே பேருலதான் இருக்கும் (கிளியர்ஹோம் மட்டும் சிஎல்ஆர்ஹோம்னு சுருக்கி இருக்கும்), அந்த அம்புக்குறி வர்றதுக்கு எஸ்டிஓ பட்டன். ஏ-ங்கிறது எத்தனாவது வரி, பி-ங்கிறது அந்த வரில எத்தனாவது எடம். 45-ங்கிறது கிளியர் பட்டன், அத அமுக்கினா புரோகிராம் நின்னுடும்.

4→ஏ
8→பி
கிளியர்ஹோம்
ரிப்பீட் கே=45
அவுட்புட்(ஏ,பி,"*")
ரிப்பீட் கே
கெட்கீ→கே
எண்ட்
அவுட்புட்(ஏ,பி," ")
மேக்ஸ்(1,மின்(8,ஏ+(கே=34)-(கே=25)))→ஏ
மேக்ஸ்(1,மின்(16,பி+(கே=26)-(கே=24)))→பி
எண்ட்

நாலு இஃப் எங்க போச்சுன்னு தேடாத. இந்த மெஷின்ல ‘கே=26’ன்னு ஒரு கணக்கு மாதிரி எழுதினா உண்மன்னா 1, இல்லன்னா 0 வரும், அதனால வலது அமுக்கினா பி-ல 1 கூடும், இடதுன்னா 1 கொறையும், வேற எந்த பட்டன்னாலும் 0 கூட்டி 0 கழிச்சு அங்கயே நிக்கும். மேக்ஸும் மின்னும் வேலி. உன்னோடதுல ஸ்கிரீன் 8 வரி, வரிக்கு 16 எழுத்து, அத தாண்டினா எரர் குடுத்து நின்னுடும். கலர் ஸ்கிரீன் இருக்குற சிஇ மாடல் வச்சிருக்கவங்க 8க்கு பதிலா 10, 16க்கு பதிலா 26 போட்டுக்கோங்க.

நடுவுல சின்னதா ஒரு ரிப்பீட் இருக்கு பாரு, அது ஏதாவது பட்டன் அமுக்குற வரைக்கும் அங்கயே சுத்தும். ரிப்பீட்டுக்கு ஒரு கொணம், மொதல்ல ஒரு சுத்து ஓடிட்டுதான் கண்டிஷன பாக்கும், அதனால கே-ல பழசு எதுனா கிடந்தாலும் பரவால்ல. ரிப்பீட்டுக்கு பதிலா வைல்-ங்கிற லூப் கட்டள போட்டு எழுதினா கண்டிஷன மொதல்லயே பாத்துடும், அதுக்கு முன்னாடி நீ கே-ல 0 போட மறந்தா லூப்புக்குள்ளயே போகாம தாண்டி ஓடிடும். எதிரி தானா நகர்ற கேமா இருந்தா அந்த சின்ன ரிப்பீட், அதோட எண்ட் ரெண்டையும் எடுத்துட்டு கெட்கீ வரி மட்டும் வச்சுக்கோ, நீ அமுக்கலன்னாலும் கேம் ஓடும்.

அப்பறம் நீ கேக்காத ஒண்ணு. ‘கேம் ஓவர்’னு போட்டு ஒரு பட்டனுக்கு காத்திருக்க சொல்லுவ, ஆனா அது காத்திருக்காம உடனே மறஞ்சிடும். சாகுற பதட்டத்துல ஆடுறவன் அமுக்கின பட்டன் ஆயா கிட்ட பாக்கி இருக்கும், அதான். காத்திருக்குற லூப்புக்கு முன்னாடி சும்மா ஒரு தடவ கெட்கீ கேட்டு தூக்கிப் போட்டுடு.

கேள்வி: ஐயா, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் நான். பேரன் 24, 105னு என்னமோ நம்பரா சொல்றான். இதெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா, ஏதாவது வழிமுறை இருக்குதா? — குடியாத்தம் வாசகர்

மனப்பாடமே வேணாம் சார், உங்களுக்கு ஒரே பார்வைல புடிபடும். மேலருந்து எத்தனாவது வரிசன்னு எண்ணி அத பத்தால பெருக்குங்க, இடதுலருந்து எத்தனாவது பட்டனோ அத கூட்டுங்க, முடிஞ்சுது. என்டர் பத்தாவது வரிசைல அஞ்சாவது, 105. கிளியர் நாலாவது வரிசைல அஞ்சாவது, 45. ஸ்கிரீனுக்கு நேர் கீழ இருக்குற அஞ்சும் 11லருந்து 15. ஏழு எட்டு ஒம்போதுன்னு எழுதிருக்க பட்டனுங்க 72, 73, 74, ஏன்னா அந்த வரிசைல மொத ஆளு லாக், அது 71. அம்புக்குறிங்க மட்டும்தான் கொஞ்சம் கோக்குமாக்கு, இடது 24, மேல 25, வலது 26, கீழ மட்டும் அடுத்த வரிசைக்கு எறங்கி 34.

ஆன் பட்டனுக்கு 101 வரணும்னு உங்க கணக்கு சொல்லும், ஆனா அதுக்கு நம்பரே கிடையாது. ஓடுற புரோகிராம கழுத்த புடிச்சு நிறுத்துற பட்டன் அது, அமுக்கினா பிரேக் எரர்தான் வரும். அத கேமுக்கு யூஸ் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, லூப்புல மாட்டிக்கிட்டா வெளிய வர்றதுக்கு அது ஒண்ணுதான் வாசல்.

சந்தேகம் வந்தா பேரன ஒரு அஞ்சு வரி எழுத சொல்லுங்க: ரிப்பீட் கே=45, கெட்கீ→கே, இஃப் கே, டிஸ்ப் கே, எண்ட். எத அமுக்கினாலும் அதோட நம்பர் வந்துகினே இருக்கும், கிளியர் அமுக்கினா நின்னுடும்.

கேசியோ எஃப்எக்ஸ் 9860 வச்சிருக்கவங்களுக்கு இந்த கணக்கு உதவாது. அங்கயும் கெட்கீ-ன்னு அதே பேருதான், ஆனா எண்ணுறது வலதுலருந்து, கீழருந்து, அதுவும் பத்தாம் இடம் நெடுக்கு வரிசைக்கு. எஃப்1 79, அடுத்து 69, 59ன்னு எறங்கிகினே போய் எஃப்6 29. ஈஎக்ஸ்ஈ 31. மேல 28, கீழ 37, இடது 38, வலது 27. டிஐ-க்கு எழுதினத அப்படியே தட்டிட்டு ‘ஓட மாட்டேங்குது’ன்னு எனக்கு எழுதாதீங்க.

கேள்வி: எங்க வீட்ல அக்கா தம்பி ரெண்டு பேர். ஒரே கால்குலேட்டர்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடுற பந்து கேம் எழுதணும். ஒருத்தர் பட்டன புடிச்சிருந்தா இன்னொருத்தர் பட்டன் வேல செய்யல, ரெண்டு பேருக்கும் சண்ட. — ராணிப்பேட்டை வாசகி

சண்டைக்கு காரணம் ஆயாதான் பாப்பா, அதுக்கு ஒரு நேரத்துல ஒரு ஆளத்தான் தெரியும். அதுவும் போக, அம்புக்குறி நாலும் டெல் பட்டனும் மட்டும்தான் புடிச்சுகினே இருந்தா திரும்பத் திரும்ப நம்பர் குடுக்கும், மத்ததெல்லாம் ஒரு அமுக்குக்கு ஒரு தடவதான், எடுத்துட்டு மறுபடி அமுக்கணும். அதனால அம்புக்குறி யாரு கைல இருக்கோ அவங்களுக்குதான் ஜெயம்.

இதுவரைக்கும் நாம எழுதின பேசிக் மொழிலயே ஒரு தந்திரம் பண்ணலாம். பட்டன புடிச்சிருந்தாதான் மட்ட நகரும்னு வைக்காதீங்க, ஒரு தடவ தட்டினா அந்தப் பக்கமா போயிகினே இருக்கும்னு வைங்க. அக்காவுக்கு இடது ஓரத்துல 41, 51, தம்பிக்கு வலது ஓரத்துல 45, 55. அக்கா தெச ஒரு எழுத்துல, தம்பி தெச இன்னொரு எழுத்துல. கே-ல 41 வந்தா அக்கா தெச மாறும், 55 வந்தா தம்பி தெச மாறும், வேற எது வந்தாலும் ரெண்டும் பழைய தெசைலயே போகும். ஒரே நொடில ரெண்டு பேரும் தட்டினா ஒண்ணு காணாம போக வாய்ப்பு இருக்கு, ஆனா புடிச்சு வச்சு அடுத்தவங்கள முடக்குற திருட்டுத்தனம் நடக்காது.

நெஜமாவே ரெண்டு பட்டன ஒரே நேரத்துல பாக்கணும்னா பேசிக் பத்தாது, பிராசசர் கிட்ட நேரா பேசுற அசெம்ப்ளி மொழிக்கு போகணும். பாப்பாவுக்கு இது இப்ப வேணாம், ஆனா எஞ்சினியரிங் படிக்கிற பசங்களும் இத படிக்கிறாங்கன்றதால சொல்றேன். டிஐ 84 பிளஸ்ல மொத்தம் 50 பட்டன். ஆன் தனி, அத விட்டா 49. ஒவ்வொண்ணுக்கும் தனி கம்பி இழுத்தா 49 கம்பி ஆவும், அதுக்கு பதிலா 7 கம்பி ஒரு பக்கம், 8 கம்பி இன்னொரு பக்கம், தறில பாவும் ஊடையும் மாதிரி குறுக்கும் நெடுக்குமா போட்டு அது வெட்டுற எடத்துல எல்லாம் பட்டன வச்சிட்டாங்க. 15 கம்பில 56 எடம், 49 பட்டனுக்கு தாராளம். குடியாத்தத்துல லுங்கி தறி பாத்தவங்களுக்கு இத படம் போட்டு விளக்க வேண்டியதே இல்ல.

உள்ள இருக்குறது இசட்80 பிராசசர். அந்த 7 கம்பிதான் ஏழு குரூப், அதுல எத பாக்கணுமோ அந்த பிட்ட மட்டும் 0 ஆக்கி, பிராசசர் கீபோர்டோட பேசுற வாசலான போர்ட் 1ல எழுதுவீங்க, ஒரு சின்ன மூச்சு விட்டுட்டு அதே போர்ட படிச்சா 8 பிட் வரும், எந்த பிட் 0ஓ அந்த பட்டன் அமுங்கி இருக்கு. அமுங்கினா 1 வரும்னு நெனச்சு எழுதி தலகீழா ஓடவிட்டவன் நான், நீங்க உஷாரா இருங்க. அந்த மூச்ச விடாம உடனே படிச்சீங்கன்னா முந்தின குரூப்போட மிச்சம் சேந்து வந்து கொழப்பும், அதுக்குதான் நடுவுல ரெண்டு மூணு நாப் (ஒண்ணும் பண்ணாம நேரத்த மட்டும் ஓட்டுற கட்டள) போடுறது. அம்புக்குறி நாலும் ஒரே குரூப், அதனால ஒரு தடவ படிச்சாலே கோணலா போறது கூட தெரியும். இந்த வழில ஆயாவே இல்ல, நீங்களே வாசலுக்கு போய் எட்டிப் பாக்குறீங்க.

ஆனா தறி தறிதான். ஒரு செவ்வகத்தோட மூணு மூலைல இருக்குற பட்டன சேத்து அமுக்கினா கரண்ட் சுத்திகினு போய் நாலாவது மூலையும் அமுங்கின மாதிரி காட்டும். பேய் பட்டன்னு நான் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் எந்தெந்த பட்டன்னு முடிவு பண்றப்ப இத பாத்துக்கோங்க.

சிஇ மாடல்காரங்களுக்கு ஒரு எச்சரிக்க: அதுல இருக்குறது இஇசட்80-ங்கிற வேற பிராசசர், இந்த போர்ட் கணக்கு அங்க அப்படியே வராது, அதோட 2020ல வந்த புது ஓஎஸ்லருந்து அசெம்ப்ளி புரோகிராம் ஓட்டுற வழிய கம்பெனியே எடுத்துட்டாங்க. அப்டேட் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க.

கேள்வி: மெனு மாதிரி எழுதிருக்கேன், பட்டன் அமுக்கினா கோட்டு-ங்கிற குதிக்கிற கட்டள போட்டு அந்தந்த எடத்துக்கு போகும். மொதல்ல வேகமா இருக்கு, ஆட ஆட இழுக்குது, கடைசில மெமரி எரர். — சத்துவாச்சாரி வாசகர்

ரிப்பீட்டுக்கு நடுவுலருந்தோ, இஃப், தென், எண்ட்னு எழுதுற கட்டுக்கு நடுவுலருந்தோ கோட்டு போட்டு குதிக்கிறீங்க இல்ல, அதான். உள்ள நுழையுறப்ப ‘இதுக்கு ஒரு எண்ட் வரும்’னு மெஷின் ஒரு சீட்டு எழுதி வைக்குது, நீங்க எண்ட் வழியா வராம செவுரு ஏறி குதிச்சு போயிட்டா அந்த சீட்டு அப்படியே கிடக்கும். நூறு தடவ குதிச்சா நூறு சீட்டு. கே-ய வாங்கிகினு லூப்ப விட்டு ஒழுங்கா எண்ட் வழியா வெளிய வாங்க, அதுக்கு அப்பறம் ‘இஃப் கே=92’ன்னு தென் இல்லாம ஒத்த வரில எழுதி கோட்டு போடுங்க, ஒண்ணும் ஆகாது.

கேள்வி: சார், பையன் கேம போட்டுட்டு அப்படியே வச்சிட்டு தூங்கிடுறான், காலைல பேட்டரி எறங்கி கிடக்குது. நாலு பேட்டரி வாங்கி கட்டுபடி ஆகல. தானா ஆஃப் ஆகும்னு சொன்னாங்களே? — ஆம்பூர் வாசகி

தானா ஆஃப் ஆகும்தான்மா, அஞ்சு நிமிஷம் போல சும்மா இருந்தா. ஆனா கெட்கீ லூப் சும்மா இருக்குறது இல்லயே. பாக்குறதுக்கு ஸ்கிரீன் அசையாம நிக்கும், உள்ள ‘வந்தாங்களா, வந்தாங்களா’ன்னு விடிய விடிய கேட்டுகினே இருக்கு, மெஷினுக்கு அது வேல நடக்குதுன்னுதான் கணக்கு.

பையன் கிட்ட சொல்லுங்க, சும்மா நிக்கிற எடத்துல கெட்கீ லூப்புக்கு பதிலா பாஸ்-ங்கிற நிறுத்தி வைக்கிற கட்டள போட சொல்லி, அதுல நின்னா வழக்கம்போல ஆஃப் ஆகிடும், ஆனா அது என்டருக்கு மட்டும்தான் மசியும். இல்லன்னா காத்திருக்குற லூப்புக்குள்ள ஒரு எழுத்துல ஒண்ணு ஒண்ணா கூட்டிகினு வந்து, ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் ஆனதும் கேம தானே முடிச்சிக்கிற மாதிரி எழுதட்டும். எத்தன எண்ணினா எத்தன நிமிஷம்னு அவனே வாட்ச் வச்சு பாத்துக்கலாம், மாடலுக்கு மாடல் வேகம் வேற. அப்பறம் உள்ள பட்டன் மாதிரி ஒரு குட்டி பேட்டரியும் தனியா இருக்கும், நாலு பேட்டரி மாத்துறப்ப அதையும் சேத்து கழட்டிடாதீங்க, எழுதின புரோகிராம் போயிடும். ஒரு தடவ நான் கழட்டி, மூணு வாரம் எழுதினது போச்சு.

கேள்வி: 5, 8 பட்டன் மட்டும் அழுத்தி அமுக்கினாதான் வேல செய்யுது. கெட்கீல ஏதாவது மாத்தணுமா? — வாலாஜா வாசகர்

மேல குடியாத்தம் சாருக்கு சொன்ன அஞ்சு வரிய ஓட்டி மெதுவா அமுக்கிப் பாருங்க. 83ம் 73ம் மெதுவா அமுக்கினா வர்ல, மத்ததெல்லாம் வருதுன்னா புரோகிராம் மேல தப்பு இல்ல, உள்ள ரப்பருக்கு அடில இருக்குற கருப்பு பொட்டுல அழுக்கு, இல்ல யாரோ டீ ஊத்திருக்காங்க. ரெண்டும் ஒரே நெடுக்கு வரிசைல அடுத்தடுத்து இருக்குறத பாத்தா எனக்கு டீ மேலதான் சந்தேகம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால லேசா தொடச்சு, நல்லா காஞ்சதும் மூடுங்க. காய வைக்கிறேன்னு நம்ம ஊர் மே மாச வெயில்ல மொட்டமாடில மட்டும் வச்சிடாதீங்க, ஸ்கிரீன் கருத்துப்போயிடும்.

கேள்வி: இத எடுத்துகினு எக்ஸாமுக்கு போலாமா? — பெயர் வேண்டாம், வேலூர்

ஜேஇஇ-ல கால்குலேட்டரே கூடாது, கேட் எக்ஸாம்ல கம்ப்யூட்டர் ஸ்கிரீன்லயே ஒண்ணு வரும், அததான் தட்டணும். பேர் வேண்டாம்னு எழுதினப்பவே பதில் உனக்கு தெரியும்னு தோணுது தம்பி.